வீட்டுக்காரர் வேஷம்

ஊஞ்சப்பாளையத்தில் மஞ்சுளாக்காவை இன்றைக்கும் சிலர் ‘டிரில்லர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அக்கா குழாய்க் கிணறு தோண்டும் போர் வண்டியைத் தொட்டதுகூடக் கிடையாது. பத்து வருஷத்துக்கு முன்னால் மாரியம்மன் பண்டிகையில் பெண்கள் சேர்ந்து போட்ட நாடகத்தில் டிரில்லராக வேஷம் கட்டினார். பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த நாடகத்தில் அவருக்குப் பெண்டாட்டியாக நடித்தவள் நான்.

திருச்செங்கோட்டிலிருந்து மல்லசமுத்திரம் போகிற பாதையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது ஊர். நான் அங்கே வாழ்க்கைப்பட்டுப் போனவள்; இப்போது இருப்பது ஓமலூரில். அந்தப் பக்கத்து ஆண்களில் முக்கால்வாசிப் பேருக்குப் போர் வண்டிதான் பிழைப்பு. ஐப்பசி, கார்த்திகையில் வண்டிகள் கிளம்பினால் மகாராஷ்டிரம், சத்தீஸ்கர், அதற்கும் அப்பால் என்று ஊர் ஊராகக் குழாய்க் கிணறு போட்டுக்கொண்டே போகும். வடக்கே மழை பிடித்த பிறகுதான், ஆனிக் கடைசியிலோ ஆடியிலோ திரும்பி வரும். அதுவரை ஊரில் ஆண் குரல் என்று கேட்பது பால்காரர், பள்ளிக்கூடத்து வாத்தியார், வயசானவர்கள், கோயில் மைக் செட்.

மஞ்சுளாக்காவின் வீட்டுக்காரர் மணிமாறன் அப்படி ஒரு வண்டியில் டிரில்லராக இருந்தார். இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று, பாறைக்குள் கம்பியை இறக்கி ஏற்றுகிற வேலை. அக்கா என்னோடு உள்ளூர் தறிப்பட்டறையில் தறிக்கு நூல்தார் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரே மகள் யுவஸ்ரீ, அப்போது எட்டாவது படித்தாள். ஓடு மாற்றுவது, மாட்டுக்கு ஊசி போடுவது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடுவது, மோட்டார் கெட்டால் ஆள் பிடிப்பது எல்லாம் அக்காதான். நன்றாகவே செய்தார். மணிமாறன் அண்ணன் ஊருக்கு வரும்போதுதான் சிக்கல்.

“வந்து நாலு நாளைக்கு ஒறம்பரை, விருந்தாளி மாதிரி; அஞ்சாம் நாளுல இருந்து அதிகாரி” என்பார் அக்கா என்னிடம். “நாயை ஏன் இங்க கட்டுன, அண்டாவை ஏன் அங்க வெச்ச, புள்ளைக்கு எதுக்குச் சைக்கிளு? ஒரே சத்தம். நாம்பாட்டுக்கு இருந்த ஊட்டுல எனக்கே இருக்க எடமில்லாத மாதிரி ஆயிருது, பிரபா.”

தறிப்பட்டறையில் இதைச் சொல்லும்போது அண்ணன் மாதிரியே கையை வீசிக் காட்டுவார். நாங்கள் சிரித்துச் சிரித்து நூல் அறுந்துபோகும்.

அந்த வருஷம் மழை இல்லை. ஆடியில் வரும் பண்டிகைக்கு வழக்கமாக வைக்கும் பாட்டுக் கச்சேரியை வேண்டாம் என்று ஊரில் முடிவு செய்துவிட்டார்கள். ஒரு சாயங்காலம் காலியாகக் கிடந்தது. அங்கன்வாடி டீச்சர் தெய்வநாயகி ஊர்க் கூட்டத்தில் மகளிர் குழு சார்பில் எழுந்து, “அந்தச் சாயங்காலத்தை எங்ககிட்ட கொடுங்க, நாங்க நாடகம் போடுறோம்” என்று சொல்லிவிட்டார். எங்களைக் கேட்கவேயில்லை. டீச்சர் ஆத்தூர்ப் பக்கம். எங்கள் பேச்சு அவருக்குப் பாதி புதிது, ஆனால் கூச்சம் என்பதே கிடையாது. குழந்தைகளோடு குழந்தையாகத் தரையில் உருண்டு யானையாக நடப்பவர்.

ஞாயிற்றுக்கிழமை தறிக்கு லீவு. மத்தியானச் சாப்பாடு முடித்துவிட்டு, போர் வண்டி வைத்திருந்த செல்லமுத்து அண்ணனின் வண்டிக் கொட்டாயில் கூடுவோம். போர் வண்டி நிற்பதற்காக உயரமாகப் போட்ட தகரக் கொட்டாய். வண்டி வடக்கே போய்விட்டால் காலிதான். தரையெல்லாம் எண்ணெய்க் கறை, சுவரோரம் தேய்ந்துபோன கம்பிகள் அடுக்கிக் கிடக்கும். அதன்மேல்தான் உட்காருவோம். தகரம் காய்ந்து, கிரீஸ் வாசனையும் யாராவது கொண்டுவந்த அரிசிம்பருப்பு சோற்றின் வாசனையும் கலந்து ஒரு வாசனை வரும். இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டு ஒர்க்‌ஷாப் பக்கம் போனால் கிரீஸ் வாசனைக்கு எனக்குப் பசிக்கிறது.

எங்களுக்குத் தெரிந்த நாடகம் என்றால் ராஜா, ராணி, அசுரன். டீச்சர் அதெல்லாம் வேண்டாம் என்றார். “இன்னைக்குக் காலையில உங்க வீட்டுல என்ன நடந்துச்சு? அதைச் செஞ்சு காட்டுங்க, போதும்.”

“எங்கூட்டுல என்னங் நடக்குது? எந்திரிச்சோம், வாசக் கூட்டுனோம்...”

“அதைத்தான் கேக்குறேன். கூட்டிக் காட்டுங்க.”

முதல் வாரம் வெட்கத்திலேயே போயிற்று. அடுத்த வாரம், குழாயடியில் எப்போதும் முட்டிக்கொள்ளும் இரண்டு பேரை அழைத்து, ஒருவர் இன்னொருவராக நடிக்க வேண்டும் என்றார் டீச்சர். அவர்கள் நடித்த நடிப்பில் கொட்டாயே அதிர்ந்தது. நாடகம் எல்லோரையும் திருத்திவிட்டது என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். அந்த இரண்டு பேரும் அதற்குப் பிறகும் சண்டை போட்டார்கள். ஆனால் ஒருத்தி கையை இடுப்பில் வைத்தால் மற்றவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். சண்டை பாதியில் நின்றுபோகும்.

இப்படிச் சின்னச் சின்னதாகச் செய்ததில் தானாகவே ஒரு கதை வந்தது. போர் வண்டிக்குப் போன ஒருத்தன் மாதக்கணக்கில் கழித்து வீட்டுக்கு வருகிறான். வந்த அன்றைக்கு அந்த வீட்டில் என்ன நடக்கிறது? வேறு ஒன்றும் இல்லை. ஆனால் வருகிறவன் வேஷத்தை யார் கட்டுவது? லுங்கி கட்டிக்கொண்டு மேடையில் நிற்க யாரும் தயாரில்லை.

“நான் பண்றன்” என்றார் மஞ்சுளாக்கா. “எங்கூட்டுக்காரரு எப்படி வருவாரு, எப்படி நிப்பாரு, எல்லாம் எனக்கு அத்துபடி. வர்ற ஆடிக்கு அவரு முன்னாலயே பண்ணிக் காட்டறன், பாரு.”

பழி வாங்குகிற சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. லுங்கியை மடித்துக் கட்டி, தோளில் பையைப் போட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி விறுவிறுவென்று உள்ளே வந்து, “ஏ புள்ள! ஊட்டுல ஆருமில்லையா?” என்று கத்தினார். அப்படியே மணிமாறன் அண்ணன். நாங்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். டீச்சரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

“மஞ்சுளா, உள்ள வர்றதுக்கு முன்னாடி அவர் எங்க இருந்தார்?”

“வடக்கங்.”

“வடக்க எங்க? நேத்து ராத்திரி எங்க படுத்தார்? என்ன சாப்பிட்டார்? கடைசியா யார்கிட்டப் பேசினார்? வாசல்கிட்ட வந்ததும் என்ன நினைச்சார்? அதையும் செஞ்சு காட்டுங்களேன்.”

அக்கா கொட்டாய் வாசலில் போய் நின்றார். பையைப் பிடித்தபடி நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி எங்களைப் பார்த்து, “தெரியலீங் டீச்சர்” என்றார். அக்கா ஒன்று தெரியாது என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறார். வழக்கமாக அவர்கள் பேச்சு மாட்டுக்கு என்ன, மகளுக்கு என்ன என்பதோடு முடிந்துவிடும். அன்றைக்கு அக்கா கேட்டது வேறு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்பியின்மேல் உட்கார்ந்து அதை எங்களுக்குச் சொன்னார்.

“‘ராத்திரி எங்கீங்க படுப்பீங்க?’ன்னு கேட்டன். ‘எதுக்குக் கேக்கற? ஊட்டுல என்னாச்சு?’ன்னு பயந்துட்டாரு. ஒன்னுமில்ல, சும்மா சொல்லுங்கன்னன். வண்டிக்குக் கீழதான் படுக்கறதாம். மழ வந்தா கேபினுக்குள்ள உக்காந்துட்டே தூங்கறதாம். மிசினு ஓடறப்ப ஒருத்தரு பேசறது ஒருத்தருக்குக் கேக்காதாம். எல்லாம் கைச் சாடைதானாம். நாளு பூரா ஒரு வார்த்த பேசாம இருக்கறதும் உண்டாம்.” சற்று நிறுத்தினார். “அப்பறம், ‘சித்த இரு, போனை அந்தப் பக்கம் மாத்திக்கறன், இந்தக் காது கேக்கறதில்ல’ங்கறாரு. எப்ப இருந்துங்கன்னு கேட்டா, ரண்டு மூனு வருசமா இருக்கும்ங்கறாரு. எனக்குத் தெரியவே தெரியாது, பிரபா! சத்தம் போடறாரு சத்தம் போடறாருன்னு உங்ககிட்டயெல்லாம் சொல்லிச் சிரிச்சனே.”

அந்தத் தலைச் சாய்ப்பு எதற்கென்று எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. அதற்குப் பிறகு அக்கா தலையைச் சாய்த்து நடித்தால் யாரும் சிரிக்கவில்லை.

டீச்சர் இன்னொரு வேலையும் செய்தார். வேஷக்காரன் உள்ளே வந்து, போசி என்கிற சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் எடுத்துக் குடித்து, துண்டில் முகம் துடைக்க வேண்டும். அக்கா வெளியே போய் நிற்கிற நேரத்தில் எங்களிடம் போசியையும் துண்டையும் இடம் மாற்றி வைக்கச் சொன்னார். ஒருமுறை மூலையில், ஒருமுறை சாக்குக்குப் பின்னால், ஒருமுறை என் முதுகுக்குப் பின்னால். முதல் தடவை அக்கா சிரித்துக்கொண்டே தேடினார். அப்புறம் தேடித் தேடி முகம் சிவந்துவிட்டது. ஒரு தடவை நடுவில் நின்று, “எங்கடி வெச்சீங்க போசிய? ஒரு சாமானமாச்சும் வெச்ச எடத்துல இருக்குதா இந்த ஊட்டுல?” என்று கத்தினார். நடிப்பு இல்லை. நிஜமான கோபம்.

கத்திவிட்டு அக்காவே திகைத்துப்போய் நின்றார். பிறகு கம்பியின்மேல் மெல்ல உட்கார்ந்தார்.

“அவருக்கு இப்படித்தான் இருக்குமாட்ட இருக்குது” என்றார். “வருசா வருசம் நான் எதையாச்சும் மாத்தி வெச்சிருப்பன். சொந்த ஊட்டுல தண்ணி குடிக்க ஒருத்தரக் கேக்கோணும்னா...”

யாரோ வேகவைத்த கடலையை எடுத்து நீட்டினார்கள். அன்றைக்கு ஒத்திகை அதோடு முடிந்தது.

ஆடி பிறந்து வண்டிகள் ஊருக்கு வந்தன. கொட்டாயை வண்டிக்கு விட்டுவிட்டு, கடைசி ஒத்திகைகளை அங்கன்வாடியில் கதவைச் சாத்திக்கொண்டு நடத்தினோம். அக்கா தன் வேஷத்தைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை. யுவஸ்ரீதான் அப்பாவின் பழைய சட்டை ஒன்றைத் திருட்டுத்தனமாக எடுத்துக் கொடுத்தாள்.

கோயில் முன்னால் டிராக்டர் டிரெய்லரை நிறுத்தி மேடையாக்கினார்கள். பொழுது சாயும் நேரம். முன்வரிசையில் போர் வண்டி ஆட்கள்தான் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்கு நடுவில் மணிமாறன் அண்ணனும். நான் மேடையில் அடுப்பு ஊதுவது போல உட்கார்ந்திருந்தேன். வெளியே, வாசல் என்று நட்டுவைத்த இரண்டு மூங்கிலுக்கு முன்னால் அக்கா வந்து நின்றார். பையைக் கீழே வைத்தார். சட்டையை முகர்ந்து பார்த்தார். கையை லுங்கியில் துடைத்தார். “புள்ள ஏழாவதா, எட்டாவதா?” என்று தனக்குள்ளே கேட்டுக்கொண்டார். “கேட்டா சிரிக்குமோ என்னமோ.”

அக்கா மேடையேறியபோது கைதட்டிச் சிரித்த கூட்டம் அந்த இடத்தில் அடங்கிப்போயிற்று.

உள்ளே வந்து போசியைத் தேடினார். அன்றைக்கும் டீச்சர் அதை எங்கோ ஒளித்து வைத்திருந்தார், எனக்கே தெரியாது. அக்கா தேடத் தேடக் கூட்டத்திலிருந்து குரல் வந்தது. “சன்னல்கிட்டப் பாருங்ணா!” “அண்டாவுக்குப் பொறத்தால பாரு மாப்ள!” எல்லாம் ஆண்கள். நாடகம் என்பதை மறந்துவிட்டு உதவி செய்தார்கள். கடைசியில் பின்னாலிருந்து ஒருத்தர், “அட, அந்தப் புள்ளையக் கேளப்பா!” என்றார்.

ஒத்திகையில் அந்த இடத்தில் அக்கா கத்துவார். அன்றைக்குக் கத்தவில்லை. என் பக்கம் திரும்பி, ரொம்பச் சின்னக் குரலில், “போசி எங்க இருக்குதுங்கம்மணி?” என்று கேட்டார். வெளியூர்க்காரன் வழி கேட்பது மாதிரி இருந்தது. அப்போதுதான் முன்வரிசையில் மணிமாறன் அண்ணன் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டத்தை விலக்கி வெளியே போய்விட்டார்.

அக்கா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு மிச்ச நாடகத்தையும் நடித்து முடித்தார். முடிந்ததும் ஒரே ஆரவாரம். பெண்கள் ஓடிவந்து கட்டிப் பிடித்தார்கள். அக்கா வேஷத்தைக்கூடக் கலைக்கவில்லை. “பிரபா, எங்கூட ஊடு வரைக்கும் வர்றியா?” என்றார்.

இரண்டு பேரும் நடந்தோம். வீட்டில் விளக்கு எரிந்தது. நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். அண்ணன் அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பரணிலும் அலமாரியிலும் இருந்த டப்பாக்கள் அத்தனையும் கீழே இறக்கி, ஒவ்வொன்றாக மூடி திறந்து முகர்ந்துகொண்டிருந்தார்.

“என்னங்க பண்றீங்க?” என்றார் அக்கா.

“மல்லிப்பொடி எதுல இருக்குது, மொளகாப்பொடி எதுல இருக்குதுன்னு பாத்து வெக்கறன்.” நிமிர்ந்தவர், தன் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கும் பெண்டாட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “எல்லாஞ் சரியாத்தான் பண்ணுன. ஒன்னு மட்டும் தப்பு.”

“என்னதுங்க?”

“வாசல்ல நிக்கறப்ப நான் பையக் கீழ வெக்க மாட்டன். கீழ வெச்சுட்டா, ஆராச்சும் வந்து வாங்கன்னு சொல்றதுக்குக் காத்துட்டு நிக்கறவனாட்ட ஆயிரும். கையில வெச்சுட்டே உள்ள பூந்தர்றது.”

அக்கா அவர் எதிரில் போய் உட்கார்ந்தார். நான் சத்தமில்லாமல் திரும்பிவிட்டேன்.

அந்த ஆடியிலேயே சேலத்துக்குப் போய்க் காது டாக்டரிடம் காட்டினார்கள். காதுக்கு மெஷின் வந்தது. அண்ணனின் சத்தம் குறைந்தது என்று சொன்னால் பொய், பழக்கம் போகவில்லை. ஆனால் “அண்டாவ ஏன் இங்க வெச்ச?” என்பது “அண்டா இங்கதான் இருக்குதா?” என்று ஆயிற்று. அண்ணன் வடக்கே போன பிறகு அக்காவும் எதையாவது மாற்றி வைத்தால் போனில் சொல்லிவிடுவார். “போன்ல இதெல்லாமா பேசுவாங்க?” என்று யுவஸ்ரீ கேலி செய்வாள்.

அதே நாடகத்தைக் காளிப்பட்டிப் பக்கம் சில ஊர்களில் போட்டோம். அக்கா பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடித்தார். அடுத்த ஆடியில் அண்ணனும் சேர்ந்துகொண்டார். காலி டீசல் பீப்பாயைக் கம்பியால் தட்டி மெஷின் சத்தம் எழுப்பியது அவர்தான். அந்தச் சத்தத்துக்கு நடுவில் எங்களுக்குக் கைச் சாடை சொல்லித்தந்தார். எங்கள் ஊர் மேடையில் அத்தனை வருஷம் வாய் திறக்காத ஆண்கள் தாங்களாகவே வந்து, “நான் மேனேசரு வேசம் கட்டறன்”, “எனக்குச் சமையக்காரன் வேசம் குடுங்க” என்று நின்றார்கள். ஆடி, ஆவணி முழுக்க ஊரே நாடகக் கொட்டாய் மாதிரி இருக்கும்.

பிறகு ஒவ்வொன்றாக மாறியது. டீச்சருக்கு மாற்றல் வந்து சொந்த ஊர்ப் பக்கம் போனார். என் வீட்டுக்காரர் தமிழரசு முட்டை லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு ஓமலூரில் கடை வைத்தார், நாங்கள் குடிபெயர்ந்தோம். அதற்குள் கொரோனா. செல்லமுத்து அண்ணன் கொட்டாயைக் குடோனாக வாடகைக்கு விட்டுவிட்டார். மணிமாறன் அண்ணன் வடக்கே போவதை நிறுத்தி, திருச்செங்கோட்டில் ஒரு பட்டறையில் கம்ப்ரஸர் வேலை பார்க்கிறார். தினமும் வீட்டுக்கு வருகிறார். யுவஸ்ரீ நர்ஸ் படித்து முடித்துவிட்டாள். எனக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தால் கை கால் ஓடாது. இந்நேரம் கிளம்பியிருக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு வரும். பிள்ளைகள் டிவி பார்த்துக்கொண்டிருப்பார்கள், நான் சும்மா எழுந்து வாசல் வரை போய்விட்டு வருவேன்.

போன தை மாதம் மஞ்சுளாக்கா போன் செய்தார். “ஞாயித்துக்கெழம வாரியா? தறிப்பட்டறைல புள்ளைங்க ஒன்னு பண்ணுதுக.” அக்கா இப்போது அந்தப் பட்டறையில் மேஸ்திரி. வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒடிசாப் பெண்கள். பாதித் தமிழ், பாதி அவர்கள் மொழி. அவர்களை அழைத்து, டீச்சர் சொன்னதையே அக்கா சொல்லியிருக்கிறார்: காலையிலிருந்து நடந்ததைச் செய்து காட்டுங்கள்.

பஸ் பிடித்துப் போனேன். தறிகள் நின்றிருந்தன. நூல் தூசியில் வெயில் விழுந்திருந்தது. பெண்கள் தண்ணீர் பிடிப்பதை, ஊரிலிருக்கும் அம்மாவுடன் வீடியோவில் பேசுவதை எல்லாம் செய்து காட்டினார்கள். பிறகு ஒரு ஒல்லியான பெண் சேலையை வரிந்து கட்டி, மூக்குக் கண்ணாடியை நுனிக்குத் தள்ளிக்கொண்டு நடுவில் வந்தாள். விரலைச் சொடுக்கி, “ஏ! ஏ புள்ள! நீதான், நீதான்! இங்க வா!” என்றாள். தன் இடத்தில் நிற்கவைத்த இன்னொருத்தியைச் சொடுக்கி, “ஏ! மீனா! அறுந்துது பாரு!” என்றாள். மற்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அக்காவை ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

அக்கா முதலில் விழித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பெண்களுக்கும் தைரியம் வந்து, சொடுக்குச் சத்தம் பட்டறை முழுக்கக் கேட்டது.

எல்லாம் முடிந்து, டீ குடித்துவிட்டு என்னைப் பஸ் ஏற்ற வந்தார். பாதி வழியில் நின்று, “நான் அப்படியா சொடுக்கறன்?” என்று கேட்டார்.

“எங்கிட்ட கேட்டா? நான் எங்க கண்டன்?”

“அந்த ஒல்லிப் புள்ளையக் கூப்புட்டு வெச்சுக் கேட்டன். அவ பேரு மீனா இல்லையாம். மினதியாம். ரண்டு வருசமா மீனா மீனான்னு கூப்புட்டிருக்கறன். ஒரு வார்த்த சொல்லல பாரு.” கொஞ்ச தூரம் நடந்தோம். “சரியாச் சொல்றனா பாரு. மினத்தி.”

“மினதி.”

“மினதி” என்றார் அக்கா. “பக்கத்துல இருக்கறது சொர்ணலதாவாம். அதுக்குப் பக்கத்துல... என்னமோ சொன்னாளே.”

பஸ் வந்துவிட்டது. நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து எட்டிப் பார்த்தேன். அக்கா ரோட்டோரம் நின்றபடி, யாருக்கும் கேட்காத குரலில் அந்த மூன்றாவது பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்.